எட்டாம் ஆயரின் நிரை

28 செப்ரெம்பர் 2025, ஞாயிறு

நிக்சன் சுவாமியார் இன்றும் யாழ்ப்பாண ஆயருக்காகவே மன்றாடினார். இது நான்காவது தடவை.

திருப்பலியின் நடுவே, திருத்தந்தையின் பெயரைச் சொன்ன பின்னர் அந்தந்த மறைமாவட்ட ஆயரின் பெயரைச் சொல்லி மன்றாடுவது முறை. நோர்வேயிலுள்ள எங்கள் ஹெஸ்ட்விக் மறைமாவட்டத்துக்கோ இப்போது ஆயர் இல்லை. ஏழாம் ஆயர் நோய் காரணமாகப் பதவி விலகியது 2023 செப்ரெம்பர் 2ஆந் திகதி, சனிக்கிழமை. அன்று தொட்டு அந்த இடத்தில் எவருடைய பெயரையும் சொல்லாமல் கடந்து செல்லவேண்டும். சுவாமியார் ஊரிலிருந்து வந்து நான்கு மாதந்தான் ஆகிறது. நாக்கு இன்னும் விமானத்தில் ஏறவில்லை.

பூசை முடிந்ததும் உடைமாற்றும் அறைக்குப் போய், மரியாதையாகவே எடுத்துரைத்தேன்.

"ஐயோ அண்ணை, பழக்கதோசம்," என்றார். "ஆனா பாவம், ஊர் ஆண்டகைக்கும் செபம் தேவைதானே?"

"தேவைதான் சுவாமி. அவருக்கு அங்க செபிக்க ஆக்கள் இருக்கினம். இஞ்ச ஆயற்ற கதிரை வெறுமையா இருக்கு."

நிலவறை மண்டபத்தில் தேநீரும் பற்றிசும். ஆயர் இல்லாத காலத்தைப் பார்த்துக்கொள்ளும் மறைமாவட்ட நிர்வாகி அனுப்பிய செய்தியை, எங்கள் தமிழ்ப் பங்குப் பேரவைத் தலைவர் அருமைநாயகம் வாசித்தார். புதிய ஆயர் வரும் நாளில் ஒரு நினைவுமலர் வெளியிடுவார்களாம். மறைமாவட்டத்தை இதுவரை வழிநடத்தியவர்களின் வரலாற்று அட்டவணையைத் தமிழ்ப் பகுதிக்குத் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு! யாழ்ப்பாணக் கச்சேரியில் அரச எழுதுநராக இருந்தவன் என்பதை நாற்பது ஆண்டுகளின் பின்னராவது நினைவுகூர்ந்தார்களே.

வீடு வரும்வரை என் கால்கள் தரையில் பாவவில்லை என்று என் மனைவி எமிலியா சொல்கிறார். மிகை.

1 ஒக்ரோபர் 2025, புதன்

அட்டவணைக்குக் கோடு கீறியாயிற்று. நிரல்கள் ஏழு: எண், பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், பொறுப்பேற்ற நாள், நீங்கிய நாள், ஆதாரம். ஆதாரம் இல்லாத எதுவும் என் அட்டவணைக்குள் நுழையாது. குறுக்கே நிரைகள் எட்டு, ஒருவருக்கு ஒன்று. எட்டாவது இப்போதைக்கு வெள்ளை.

எவ்வளவு பெரிய கதை இது! லூத்தரின் காலத்தில் இந்நாட்டிலிருந்த ஆயர்கள் துரத்தப்பட்ட பின்னர், முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கத்தோலிக்கக் குருவானவர் ஒருவர் வெளிப்படையாகப் பூசை வைக்கவே முடியாதிருந்தது. தடை நீங்கிய பின்னர் இந்த ஊருக்கு முதலில் வந்து இறங்கியவர் லக்சம்பேர்க் நாட்டவரான ஷில்ட்ஸ் சுவாமியார், 1892 ஜூன் மாதம்; அட்டவணையின் முதலாமவர். ஒரு ஆர்மோனியம், ஒரு பெட்டி மெழுகுதிரி, ஏழு விசுவாசிகள். ஏழு பேரில் இருவர் தங்களுக்குள் பேசுவதில்லையாம். அப்போதே நம் பேரவை போலத்தான் இருந்திருக்கிறது.

அவருக்குப் பின் ஜேர்மானியர், ஒல்லாந்தர், மீண்டும் ஜேர்மானியர். ஆறாமவரான ஆயர் ப்ரெக்கே ஒருவரே நோர்வேக்காரர். அவரை "இந்த மண்ணின் மைந்தன்" என்று இன்றும் சொல்கிறார்கள். நாங்கள் 1985 ஒக்ரோபரில் வந்திறங்கியபோது, மீன் தொழிற்சாலை வாசலுக்கே வந்து எங்களுக்குக் கம்பளிக் கையுறை தந்தவர் அவர்தான்.

எட்டாமவரும் மண்ணின் மைந்தராகவே இருக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அடுத்த ஞாயிறு கூட்டத்தில் சொல்வேன்.

5 ஒக்ரோபர் 2025, ஞாயிறு

சொன்னேன். கைதட்டினார்கள். அருமைநாயகம் மட்டும் சிரித்தார்.

"அண்ணை, உலகம் தெரியாமல் கதைக்கிறியள். பேராலயத்தில இருக்கிற அந்தப் போலந்துச் சுவாமிதான் வரப்போறார். எனக்கு உள்வீட்டுத் தகவல்."

"உள்வீட்டுத் தகவலெண்டு ஒண்டு இதில இல்லை. திருத்தந்தையின்ர தூதுவர் ஸ்ரொக்ஹோமில இருக்கிறார். தெரிவானவரை அவர் கூப்பிட்டுச் சம்மதம் கேட்பார். கேட்கப்பட்டவர் பெத்த தாய்க்கும் மூச்சு விடக்கூடாது. அது கட்டளை."

"சரி, பந்தயம்! தோத்தவர் ஒரு மாசம் பூசைக்குப் பிறகு தேத்தண்ணிக் கோப்பை கழுவவேணும்."

ஏற்றுக்கொண்டேன். நூற்றிருபது கோப்பைகள். இருக்கட்டும்.

11 ஒக்ரோபர் 2025, சனி

முன்னறிவிப்பின்றி ஜெறோம் வந்தான்.

எங்கள் ஒரே மகன். லோவ்சுண்ட் தீவில் பங்குத்தந்தை. படகில் மூன்று மணிநேரம். ஆலயத்தில் அவனை "சுவாமி" என்றே அழைப்பேன், வீட்டில் தம்பி. சனிக்கிழமைகளில் அவனுக்கு வேலை அதிகம் என்பதால் வியந்தேன். கடந்த வியாழக்கிழமை ஸ்ரொக்ஹோமுக்குப் போய் அன்றே திரும்பினானாம். ஏதோ கூட்டம் என்றான். ஒரு நாள் கூட்டத்துக்கு விமானச் செலவு! இக்காலத்தில் திருச்சபைக்குச் சிக்கனம் தெரியவில்லை.

எமிலியா நண்டுக் கறி வைத்தார். இரண்டு கால்களை உடைத்துவிட்டுத் தட்டில் அப்படியே வைத்திருந்தான். நான் அட்டவணையைக் கொண்டுவந்து விரித்தேன். ஆர்வமாகத்தான் பார்த்தான். எட்டாம் நிரையில் விரலை வைத்தான்.

"இதில ஆரை எழுதப்போறியள், அப்பா?"

"இந்த மண்ணில பிறந்த ஒருத்தரை. அதுதான் முறை. வெளியில இருந்து வந்தவை நூற்றி முப்பது வருசம் ஆண்டாச்சு."

"அப்ப எங்கட ஆக்களில ஒருத்தர் வந்தால்?"

"உனக்கென்ன விசரே? நாளைக்கு ஊரில என்ன சொல்லுவினம்? குந்த இடம் குடுத்தால் வீட்டையே பிடிச்சிட்டினம் எண்டு. எங்கட ஆக்களும் சும்மா இருப்பினமே? அவர் எந்த ஊர், இவர் எந்த ஊர் எண்டு தொடங்கிவிடுவினம்."

நண்டுக் காலைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினான். பிறகு கேட்டான்.

"உங்கட கணக்கில நான் எந்த மண், அப்பா?"

"நீ யாழ்ப்பாணத்தான். கடவுச்சீட்டில என்ன கிடந்தாலும்."

"ஒருத்தரைக் கேட்டு, அவர் ஏலாதெண்டு சொன்னால்? அவரை எதில எழுதுவியள்?"

"மாட்டனெண்டவருக்கு என்ர அட்டவணையில நிரை இல்லை."

எமிலியா தட்டை எடுத்துக்கொண்டே, "இஞ்சாருங்கோ, பிள்ளையைச் சாப்பிட விடுங்கோ. உங்கட செத்துப்போன ஆயர்மாரைப் பிறகு பாக்கலாம்," என்றார்.

அவன் சாப்பிடவில்லை. கைப்பேசி அடித்தது, சுவீடன் இலக்கம். மேலங்கியும் இல்லாமல் வெளியே குளிரில் நின்று பேசினான். சுவீடனில் எமிலியாவின் தங்கை மகள் இருக்கிறாள். பிள்ளைக்கு ஞானஸ்நானமாக இருக்கவேண்டும். அதற்கு இவ்வளவு நேரமா?

12 ஒக்ரோபர் 2025, ஞாயிறு

நிக்சன் சுவாமியாருக்குத் தடிமன், தொண்டை அடைப்பு. ஆகையால் தமிழ்ப் பூசையை ஜெறோம் ஒப்புக்கொடுத்தான். திருத்தந்தையின் பெயரைச் சொன்னான். அடுத்து ஆயருடைய இடம். கடந்து போகவேண்டியவன் அங்கேயே நின்றுவிட்டான். புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பின்வரிசையில் ஒரு குழந்தை சிணுங்கியது கேட்டது, அவ்வளவு அமைதி. பிறகுதான் மீண்டும் குரல் வந்தது.

சளி பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன். நேற்று மேலங்கி இல்லாமல் நின்றதன் விளைவு.

இங்கே ஒரு வரி எழுதினேன். ஆதாரமில்லாததால் அடித்துவிட்டேன்.

13 ஒக்ரோபர் 2025, திங்கள்

காலைப் படகில் போய்விட்டான். எமிலியா இறங்குதுறையில் அவன் கையை விடவேயில்லை. படகுக்காரர் இரண்டாம் முறை ஊதவேண்டியதாயிற்று.

14 ஒக்ரோபர் 2025, செவ்வாய்

பெருஞ்செய்தி!

ஆயர் ப்ரெக்கேயின் பிறந்த இடத்துக்கு ஆதாரம் தேடி, கன்னியர் மடத்துக்குப் போனேன். சிஸ்ரர் வால்புர்காவுக்குத் தொண்ணூற்றொரு வயது. ஆயருக்குப் பல ஆண்டுகள் சமைத்தவர். வாபிள் என்னும் கட்டம் போட்ட அப்பமும் பழுப்புநிறப் பாற்கட்டியும் வைத்தார். அவர் பேசும் நோர்வேஜிய மொழியில் இன்னும் ஜேர்மன் மணக்கும். அதை என் தமிழில் தருகிறேன்.

"ஆயர் ப்ரெக்கே ஹெஸ்ட்விக்கில் பிறந்தவர்தானே?" என்று உறுதிப்படுத்தக் கேட்டேன்.

அவர் சிரித்த சிரிப்பில் வாபிள் தூள் பறந்தது. "ஹெஸ்ட்விக்கிலா! நல்ல கதை! அவருடைய தாய் என்னைப் போல ஜேர்மன்காரி. முதல் பிரசவத்துக்குத் தன் அம்மாவிடம் போனாள். பிள்ளை பிறந்தது ஜேர்மனியில், பிளென்ஸ்பேர்க்கில். இரண்டு மாதம் கழித்துத்தான் கப்பலேறி வந்தது."

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது எங்கள் வழக்கம் மட்டுமென்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்!

"எல்லோரும் அவரை மண்ணின் மைந்தன் என்கிறார்களே, சிஸ்ரர்?"

"அவர் மறுத்துச் சொல்லவில்லை. ஆனால் என்னிடம் ஒருநாள் சொன்னார், 'நான் இந்த ஊரில் பிறந்தவனில்லை, வால்புர்கா. இந்த ஊரிலேயே இருந்துவிட்டவன்' என்று. இன்னொரு வாபிள்?"

இரண்டு தின்றேன். அதிர்ச்சிக்கு நல்லது.

வீட்டுக்கு வந்ததும் ஜெறோமுக்குத் தொலைபேசி எடுத்தேன். வேறு யாரிடம் சொல்வது? அருமைநாயகத்திடமா?

"தம்பி, என்ர முழுக் கணக்கும் பிழை! ஏழு பேர். ஏழு பேரில ஒருத்தரும் இஞ்ச பிறக்கேல்லை. ஒருத்தரும்! மண்ணின் மைந்தன் எண்டு நான் மேடையில நிண்டு கத்தினன். அப்பிடி ஒருத்தர் இந்தக் கதிரையில இண்டைவரைக்கும் இருக்கேல்லை!"

"அப்ப எல்லாரும் வந்தவைதானே, அப்பா?"

"எல்லாரும் வந்தவைதான்! வந்து இருந்தவை. சரி, இஞ்ச பிறந்து குருவானவை ஆர் ஆர் எண்டு எண்ணிப்பார்த்தன். இந்த மறைமாவட்டம் முழுக்க எண்ணிப்பார்த்தன். எத்தினை பேர் தெரியுமே? நீ ஒருத்தன். உன்னைப் பிடிச்சுக் கதிரையில இருத்துறதே?"

தொடர்பு அறுந்ததோ என்று இரண்டு முறை "ஹலோ" சொன்னேன்.

"இருத்தினால் என்ன செய்வியள், அப்பா?"

"என்ன செய்யிறது? ஆதாரத்தோட எழுதுவன்."

அவன் சிரித்தான். சிறுவயதில் சிரிப்பதுபோல், நிறுத்தமுடியாமல். பிறகு மூக்கை உறிஞ்சினான். சளி இன்னும் தீரவில்லை. "நன்றி, அப்பா," என்று வைத்துவிட்டான். ஒரு பிறந்த இடத்தைத் திருத்தியதற்கு ஏன் இவ்வளவு பெரிய நன்றி? என் மகனும் திகதிகளின் அருமையை அறிந்துவிட்டான் போலும்.

15 ஒக்ரோபர் 2025, புதன்

ஜெறோம் தாயாருடன் மட்டும் பேசினான். மதியம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டானாம். எமிலியா இதைச் சொல்லிவிட்டு, மாதா சுரூபத்தின் முன் ஒன்றுக்கு நான்கு மெழுகுதிரி கொளுத்தினார். புகை அறிவிப்பான் கத்தியது. கதிரையில் ஏறி நிறுத்தினேன்.

26 ஒக்ரோபர் 2025, ஞாயிறு

இன்றிலிருந்து குளிர்கால நேரம். கடிகாரங்கள் ஐந்தையும் திருத்தினேன். நிக்சன் சுவாமியார் எந்த ஆயரையும் சொல்லாமல் ஒழுங்காகக் கடந்தார். கைலாகு கொடுத்துப் பாராட்டினேன். போலந்துச் சுவாமியார் புதிய சப்பாத்து வாங்கியிருக்கிறாராம். அருமைநாயகம் இதை ஆதாரம் என்கிறார்!

7 நவம்பர் 2025, வெள்ளி

நாளை நண்பகல் பன்னிரண்டு மணிக்குப் பேராலயத்தில் அறிவிப்பு! உரோமையிலும் இங்கும் ஒரே வேளையில்! பேனா இரண்டு, அட்டவணை ஒன்று, கண்ணாடித் துடைப்பான் ஒன்று, எல்லாம் பையில். நித்திரை வருமென்று தோன்றவில்லை.

8 நவம்பர் 2025, சனி

ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

காலை பத்து மணிக்கே எமிலியா, கிறிஸ்து பிறப்பு நாளுக்கென்று வைத்திருந்த நத்தார்ச் சேலையை உடுத்துக்கொண்டு நின்றார். அரக்கு நிறம், பொன் கரை.

"என்ன இது, எமிலியா? நத்தாருக்கு இன்னும் ஒன்றரை மாசம் கிடக்கு. ஆருக்கெண்டு இந்தச் சீலை?"

"வாற ஆண்டகைக்கு."

"அவருக்கு உம்மைத் தெரியுமே?"

"பாப்பம்," என்று கொண்டையில் ஊசி குத்தினார்.

பேராலயம் நிறைந்திருந்தது. அருமைநாயகம் போலந்துச் சுவாமியாருக்குப் பக்கத்தில், பங்காளி மாதிரி. நான் தூணுக்கருகில் முழங்காலில் அட்டவணையை விரித்து, பேனா மூடியைக் கழற்றினேன். மணி அடித்தது. நிர்வாகி தாளை விரித்தார். திருத்தந்தை ஹெஸ்ட்விக்கின் எட்டாம் ஆயராக நியமித்திருப்பது அருட்தந்தை ஜெறோம் பஸ்தியாம்பிள்ளையை என்று வாசித்தார்.

என் குடும்பப் பெயரை நோர்வேக்காரர் எவரும் ஒருபோதும் சரியாக உச்சரித்ததில்லை. அதனால் முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன். நிரையில் எழுதுவதற்காகப் பக்கத்திலிருந்த முதியவரிடம், பெயரை மறுபடி சொல்லும்படி கேட்டும்விட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நம்ம ஜெறோம்! எங்கள் வீட்டுக்குப் பத்திரிகை போட்ட பையன்! கடைசியில் நம்ம ஊர்ப் பிள்ளை ஒருவன்!"

திருப்பண்ட அறைக் கதவு திறந்தது. என் மகன் வெளியே வந்தான். கண்கள் முதலில் தாயைத் தேடின. அரக்குச் சேலையைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. பிறகு என்னை. நான் எழுந்து நின்றேன். அட்டவணை கீழே விழுந்தது. அருமைநாயகம் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து, "அண்ணை, கள்ளன் நீங்கள்! எல்லாம் தெரிஞ்சுகொண்டே பந்தயம் கட்டினனியள்!" என்றார். அவர் அழுதுகொண்டிருந்தார். நானும்.

இரவு எமிலியாவிடம் கேட்டேன். "உமக்கு முன்னமே சொன்னவனே?"

"ஒரு சொல்லும் சொல்லேல்லை. நண்டை ஒதுக்கினான் பாருங்கோ, அப்பவே தெரியும். அவன் தூதுவருக்கு வேண்டாமெண்டு சொல்ல யோசிச்சுக்கொண்டுதான் இஞ்ச வந்தவன். உங்கட வாயால ஒருக்காக் கேட்டுட்டுச் சொல்லுவம் எண்டு."

"நான் வேண்டாமெண்ட மாதிரித்தானே கதைச்சனான்!"

"ஓமோம், நல்ல வடிவாக் கதைச்சியள். பிறகு அந்த சிஸ்ரற்ற வாபிளைத் திண்டுட்டு வந்து மாத்திக் கதைச்சியள். பிள்ளை தப்பினான்."

ஒக்ரோபர் 11ஆந் திகதிப் பக்கத்தைத் திறந்து வாசித்தேன். "நீ யாழ்ப்பாணத்தான்." என் கையெழுத்து எவ்வளவு தெளிவாக இருக்கிறது.

9 நவம்பர் 2025, ஞாயிறு

இருவருமே ஜெறோமின் பெயரைச் சொல்லாததால், பந்தயத்தில் இருவரும் தோற்றதாகப் பேரவை தீர்ப்பளித்தது. புதிய ஆயர் பொறுப்பேற்ற மறுநாள் தொட்டு ஒரு மாதம் நான் கழுவ, அருமைநாயகம் துடைக்க. பெயர் அறிவிக்கப்பட்டிருந்தாலும் பொறுப்பேற்கும் வரை அதைப் பூசையில் சொல்லக்கூடாது என்று நிக்சன் சுவாமியாருக்கு நினைவூட்டினேன். "அண்ணை, இப்பவும் சட்டமே!" என்றார். இப்போதுதான் சட்டம் மிகவும் வேண்டும்.

10 ஜனவரி 2026, சனி

ஜெறோமின் ஆயர் திருப்பொழிவு. வந்திருந்த ஆயர்கள் ஒன்பது பேர். எண்ணெய் அவன் நெற்றியிலிருந்து காதருகே வழிந்தது. எமிலியா கைலேஞ்சியோடு எழுந்தார். நான் சேலையைப் பிடித்து இருத்தினேன். பிறகு அவனைக் கதிரையில் இருத்தினார்கள். நினைவுமலரில் எட்டாம் நிரை வெள்ளையாகவே அச்சாகியிருந்தது. பொறுப்பேற்கும் முன் எழுதமாட்டேன் என்று அச்சகத்துக்கு மறுத்துவிட்டிருந்தேன்.

இன்று வேறு எதுவும் எழுத முடியவில்லை.

11 ஜனவரி 2026, ஞாயிறு

நிலவறை ஆலயத்தில் ஆயரின் முதற் தமிழ்ப் பூசை. நிக்சன் சுவாமியார் தடுமாறக்கூடாதென்று, "எங்கள் ஆயர் ஜெறோம்" எனப் பெரிய எழுத்தில் ஒரு மட்டை எழுதிப் பீடத்தில் வைத்திருந்தேன். அந்தப் பெயர் அந்த இடத்தில் ஒலிப்பதைக் கேட்பதற்கே இருபத்தெட்டு மாதங்களாகக் காது கொடுத்திருந்தேன்.

திருத்தந்தையின் பெயர் வந்தது.

பூசையை ஆயரே ஒப்புக்கொடுக்கும்போது அவர் தம் பெயரைச் சொல்வதில்லை. இது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் மறந்துபோயிருந்தேன். ஜெறோம் என் மட்டையை ஒரு கணம் பார்த்தான். உதட்டில் சிரிப்பு. இம்முறை நிற்கவில்லை.

"தகுதியற்ற உம் ஊழியனாகிய என்னையும்," என்றான்.

எமிலியா என் விரல்களை நெரித்தார். இன்னும் நோகிறது.

தேநீர் வேளையில் தொட்டியருகே போனால், ஆயர் ஆண்டகை கையை மடித்துவிட்டுக் கோப்பை கழுவிக்கொண்டு நிற்கிறார்!

"சுவாமி, இது எங்கட பந்தயம்," என்றேன். இனி "ஆண்டகை" என்று அழைக்கவேண்டும். பழகவேண்டும்.

"உள்வீட்டுத் தகவல் எனக்குத்தான் இருந்தது, அப்பா. நான்தான் கழுவவேணும்."

வீட்டுக்கு வந்து அட்டவணையை மேசையில் விரித்து, எட்டாம் நிரையை நிரப்பினேன். பெயர்: ஜெறோம் பஸ்தியாம்பிள்ளை. பிறந்த திகதி: 3 மார்ச் 1987, செவ்வாய். பிறந்த இடம்: ஹெஸ்ட்விக். பொறுப்பேற்றது: 10 ஜனவரி 2026. நீங்கிய நாள்: அதை எழுத நான் இருக்கமாட்டேன். ஆதாரம்: நேரில் கண்டவன், தகப்பன்.

எமிலியா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"நீங்கள் எங்க நேரில கண்டனீங்கள்? மீன் பக்டரியில நிண்டனீங்கள். எல்லாம் முடிஞ்சு, பிள்ளை குளிச்சுத் துடைச்சுப் படுத்தாப் பிறகுதான் பூட்சோட வந்தனீங்கள்."

உண்மை. மாலை வேலைமுறை. அன்று அனுமதி தரவில்லை.

அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன். ஆதாரம்: தாயார் எமிலியா. நேரில் இருந்தவர்.